போகம்பறையின் தராசு

சிறைச்சாலை ஒன்று மூடப்பட்டது என்ற செய்தி வந்தால் மகிழ வேண்டியவர்கள் நாம். கண்டி மாநகரின் நடுவே, சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அருகில், ஆங்கிலேயர் 1876இல் கட்டிய போகம்பறைச் சிறைச்சாலை 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கைதிகள் பல்லேகலையில் எழுந்த புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். பழைய கட்டடத்தை உல்லாசப் பயணிகள் கண்டு களிக்கும் இடமாக்கலாம் என்ற யோசனை உடனே பிறந்தது. நுவரெலியாவுக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஓர் அருவி. அவற்றோடு ஒரு தூக்குமேடை.

கண்டு களிப்பதைப் பற்றி நமக்குச் சண்டையில்லை. அந்தமானின் சிற்றறைச் சிறையையும் மக்கள் சீட்டு வாங்கித்தான் பார்க்கிறார்கள். பார்த்துச் சிலர் கண் கலங்கவும் செய்கிறார்கள். நாம் கேட்பது வேறு. அந்த மேடையில் நடந்தது நீதிதானா? நீதியென்றால் யாருடைய நீதி? மலையகத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் வந்து போன மூன்று நான்கு தலைமுறை மக்கள் அந்த மதிலைக் கடந்துதான் நடந்தார்கள். அவர்களுக்கு அந்த இடம் வெறும் கட்டடமன்று. இக்கேள்விக்கு விடை தேட அதன் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போகம்பறை என்ற பெயர் சிறைச்சாலையைவிடப் பழையது. கண்டி அரசின் காலத்தில் அங்கே ஓர் ஏரி இருந்தது. 1814இல், ஆங்கிலேயரோடு சேர்ந்துவிட்ட எஹெலபொல அதிகாரத்தின் மீது கொண்ட சினத்தை ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அவன் குடும்பத்தின் மீது தீர்த்துக் கொண்டான். பிள்ளைகளின் தலைகள் கொய்யப்பட்டன; தாய் போகம்பறை ஏரியில் மூழ்கடிக்கப்பட்டாள். இக்கொடுமையை உலகறியச் செய்தவர்கள் ஆங்கிலேயர். இதனைச் சொல்லியே, கொடுங்கோலனிடமிருந்து மக்களை மீட்க வந்தோம் என்று மறு ஆண்டு அவர்கள் கண்டிக்குள் நுழைந்தார்கள். 1815 மார்ச் 2ஆம் திகதி எழுதப்பட்ட கண்டி ஒப்பந்தத்தில், உடலை வதைக்கும் தண்டனைகளும் அங்கங்களைச் சிதைக்கும் தண்டனைகளும் ஒழிக்கப்பட்டன என்று ஒரு பிரிவே உண்டு. தேசாதிபதியின் எழுத்துமூல ஆணையின்றி எவரையும் கொல்லலாகாது என்று இன்னொரு பிரிவு.

எழுத்துமூல ஆணை! இந்த ஒரு சொல்லில்தான் புதிய நாகரிகம் முழுதும் அடங்கியிருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1818 நவம்பரில், கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொலவின் தலை போகம்பறையில் துண்டிக்கப்பட்டது. முறையான ஆணையோடுதான். மன்னன் கோபத்தில் செய்ததை வெள்ளையன் கோப்பில் எழுதிச் செய்தான். கொல்லப்பட்டவனுக்கு இவ்விரண்டிலும் என்ன வேற்றுமை என்பதை நியாயவாதிகள் நமக்கு விளக்க வேண்டும்.

சிறைச்சாலை எழுந்த 1876, தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் பிடித்துக் கொண்ட ஆண்டு. கோப்பிச் செடியை நோய் தின்றுகொண்டிருந்தது. லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை மலைகளில் பரவத் தொடங்கியிருந்தது. பஞ்சத்தில் அடிபட்ட மக்கள் கங்காணியின் கடனைத் தலையில் சுமந்துகொண்டு மன்னார் வழியே மலையேறினர். அவர்கள் மலையேறிய காலத்தில் அங்கே நடைமுறையில் இருந்தது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். வேலைக்கு மறுத்தாலும், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கினாலும், தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை மறியல். பிறரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறினால் வியாபாரி நட்டஈடு கொடுப்பான். தோட்டத் தொழிலாளி சிறைக்குப் போவான். போதாக்குறைக்குத் 'துண்டு' என்றொரு முறை. கடன் தீர்ந்தது என்று எழுதிய அந்தக் காகிதம் கையில் இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. 1921இல் அது ஒழிக்கப்படும் வரை, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்கும் போகம்பறைச் சிற்றறைக்கும் இடையில் சட்டத்தின் நீண்ட கை ஒன்று எப்போதும் போய் வந்துகொண்டிருந்தது. மலைநாட்டுச் சிறைகள் குற்றவாளிகளுக்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல. தொழிலாளரை வேலையில் நிறுத்தி வைக்கவும் அவை வேண்டியிருந்தன.

தூக்குமேடைக்கு வருவோம். அங்கே உயிரிழந்தவர்கள் மொத்தம் 524 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் இருவரைப் பற்றியே இங்கே பேசப் புகுந்தோம். ஆனால் அவர்களைப் பற்றிப் பேச, தூக்குமேடையே ஏறாத ஒருவனிடமிருந்து தொடங்க வேண்டும்.

லூல்கந்துரவைப் போலவே ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த மூலோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். லங்கா சமசமாஜக் கட்சியின் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக் குழு ஒன்று அமர்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா அதன்முன் வாதாடினார். இதனிடையே, வேலைநிறுத்தத் தொழிலாளர் மீது போடப்பட்ட வழக்குகள் பற்றி உள்நாட்டமைச்சர் சேர் பாரன் ஜயதிலகவுக்கும் பொலிஸ் மாஅதிபருக்கும் பிணக்கு மூண்டது. தேசாதிபதி கல்டெகொட் பொலிஸின் பக்கம் நிற்கவே அமைச்சர்கள் ஒட்டுமொத்தமாகப் பதவி துறந்தார்கள். அரசியல் நூல்களில் மூலோயா என்ற பெயர் இன்றும் வருகிறது என்றால் அதற்கு இதுவே காரணம்: அமைச்சரின் அதிகாரம் எதுவரை, தேசாதிபதியின் அதிகாரம் எதுவரை என்ற சர்ச்சை. செத்த மனிதன் அச்சர்ச்சைக்கு ஓர் அடிக்குறிப்பானான். அமைச்சர்கள் பின்னர் பதவிக்குத் திரும்பினர். கோவிந்தனின் சாவுக்காக எவரும் போகம்பறைக்குக் கொண்டு செல்லப்படவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம். புஸல்லாவைப் பக்கத்து ஸ்டெலன்பேர்க் தோட்டத்தின் துரை போப் கொல்லப்பட்டார். தொழிலாளர் சங்கம் வேரூன்றத் தொடங்கிய காலம் அது. சங்கம் என்ற சொல்லையே தம் அதிகாரத்துக்கு வந்த சவாலாகத் துரைமார் எண்ணிய காலம். வழக்கு விரைந்து நடந்தது. வீராசாமி, வேலாயுதம் என்ற இரு தொழிலாளர்கள் 1942 பெப்ரவரி மாதக் கடைசியில் போகம்பறையில் தூக்கிலிடப்பட்டனர்.

மலையகத் தொழிற்சங்க மேடைகளில் இவ்விருவர் பெயரும் தியாகிகளின் வரிசையில் வாசிக்கப்படுவதுண்டு. நீதிமன்ற ஏடுகளில் அவர்கள் கொலையாளிகள். நாம் எந்தச் சொல்லை எடுப்பது?

போப் கொல்லப்பட்டது சரி என்று நாம் சொல்ல மாட்டோம். தனி மனிதன் ஒருவனை இருளில் மறித்து வீழ்த்துவதால் துரைத்தனம் சாவதில்லை. அடுத்த கப்பலில் இன்னொரு துரை வந்து இறங்குவான். சங்கம் கட்டுவது ஒரு மார்க்கம், கத்தி தூக்குவது வேறொரு மார்க்கம். முன்னது நீண்டது, அலுப்பூட்டுவது, ஆயினும் அதற்குத்தான் பலன் உண்டு. இவ்வளவும் உண்மையே. ஆனால் இதைச் சொல்லி முடித்ததும், தண்டனை நியாயமானது என்ற முடிவு தானாக வந்துவிடாது. பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒரு செயல் தவறு என்பது ஒரு கேள்வி. அதற்காக ஓர் உயிரைப் பறிக்கும் உரிமை இன்னாருக்கு உண்டு என்பது முற்றிலும் வேறு கேள்வி.

தூக்கிலிடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. கைதியின் நிறையையும் உயரத்தையும் முன்னதாக அளந்து கொள்வார்கள். அதற்கேற்பக் கயிற்றின் நீளத்தைத் தீர்மானிப்பார்கள். கயிறு கூடிப்போனால் தலை அறுந்துவிடும். குறைந்துபோனால் கழுத்து முறியாது, மூச்சுத் திணறியே சாக வேண்டும். இத்தனை நுட்பமாக மனிதனை நிறுக்கத் தெரிந்த ஓர் அரசு, மூலோயாவின் பிணத்தையும் ஸ்டெலன்பேர்க்கின் பிணத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க மறுத்தது. ஒன்றுக்கு விசாரணைக் குழு, மற்றொன்றுக்குக் கயிறு. குற்றவாளிக் கூண்டில் நின்ற தொழிலாளிக்கு நீதிமன்றத்தின் மொழியும் புரியாது. ஆங்கிலத்தில் நடந்த விவாதத்தில் தன் கதி என்ன ஆயிற்று என்பதை மொழிபெயர்ப்பாளன் சொல்லித்தான் அவன் அறிய வேண்டும்.

தண்டனை என்பது ஒரு சமுதாயம் தன் உறுப்பினன் ஒருவனைப் பார்த்து, "எங்களோடு நீ செய்துகொண்ட உடன்பாட்டை மீறினாய்" என்று சொல்வது. அப்படித்தான் நீதி நூல்கள் கூறுகின்றன. அந்த உடன்பாட்டில் தோட்டத் தொழிலாளி எப்போது கையொப்பமிட்டான்? அவன் கைநாட்டு வைத்தது கங்காணியின் கடன் ஏட்டில் மட்டுமே. சுதந்திரம் வந்தபின் நிலைமை திருந்தியிருக்கலாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாட்டின் உறுப்பினன் அல்லன் என்று எழுத்திலேயே அறிவித்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை எண்ணிப் பிரித்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதியைப் பின்னால் பார்க்கலாம் என்று பங்கு போட்டது. நாடற்றோர் என்ற நிலை சட்டப்படி நீங்க 2003 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகளிலும் தண்டனைச் சட்டக்கோவை மட்டும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் குறைவின்றிச் செல்லுபடியாயிற்று. வாக்குச் சாவடியில் அந்நியன். குற்றவாளிக் கூண்டில் மாத்திரம் நம்மவன்.

1977 மே 11ஆம் திகதி, நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து ஊர்வலம் போன தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டனர். டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் விழுந்தார். கோவிந்தனுக்கும் அவருக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள். வெள்ளைத்துரை போய் வெகுகாலமாகியிருந்தது.

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்கு வருகிறோம். இதுவரை சொன்னது நம்மவர்க்குச் சொல்ல எளிதான பகுதி.

போகம்பறை என்றதும் முற்போக்காளர் உள்ளத்தில் முதலில் எழுவது தூக்குமேடையன்று, ஒரு தப்பித்தல். ஏகாதிபத்திய யுத்தத்தை எதிர்த்தமைக்காக 1940 யூனில் பிடிக்கப்பட்ட என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் 1942 ஏப்ரல் 7ஆம் திகதி இரவு போகம்பறையிலிருந்து வெளியேறினர். ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டு இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. சிறைக் காவலர் ஒருவர் அவர்களுக்கு உதவினார். அவரும் உடன் போனார். பின்னர் அவர்கள் கடல் கடந்து இந்தியா சேர்ந்து அங்கே வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கலந்தனர். வீரம் நிறைந்த கதை. எத்தனை முறை சொன்னாலும் கேட்கலாம்.

ஆனால் திகதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீராசாமியும் வேலாயுதமும் கொல்லப்பட்டு ஆறு வாரங்கூட நிறையவில்லை. அதே மதில், அதே ஆண்டு. நால்வர் கதவு வழியே போனதை நாம் நூல்களில் எழுதினோம். இருவர் பலகை வழியே போனதை மலையகத்தின் சில தொழிற்சங்க ஏடுகள் தவிர வேறெவரும் எழுதவில்லை. நால்வர் படித்தவர்கள், தலைவர்கள், தம் கதையைத் தாமே சொல்ல வல்லவர்கள் என்பது காரணமாகலாம். காரணந்தான், சமாதானமாகாது.

இதனினும் கசப்பானது ஒன்றுண்டு. சுதந்திர இலங்கை மரண தண்டனையை விட்டொழிக்க ஒருமுறை முயன்றது. 1956இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அதை இடைநிறுத்தியது. அமைச்சரவையில் போகம்பறையிலிருந்து தப்பிய பிலிப் குணவர்த்தனவும் இருந்தார். 1959 செப்ரெம்பரில் பிரதமர் சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனையை நிறுத்திய மனிதரின் சாவைக் காரணங்காட்டியே மரண தண்டனை திரும்பக் கொண்டுவரப்பட்டது. துக்கத்தில் இருக்கும் மக்களிடம் எதையும் கேட்டு வாங்கிவிடலாம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1970இல் இடதுசாரிகள் கூட்டரசாங்கத்தில் அமர்ந்தனர். என்.எம். பெரேரா நிதியமைச்சர், கொல்வின் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சர். தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அத்தோட்டங்களிலேயே மக்கள் பட்டினியால் மடிந்ததும் அந்த ஆட்சியில்தான். அதைத் தனியே எழுத வேண்டும். இங்கே நம் விஷயம் 1975 ஓகஸ்ட் 5. அன்று 'மரு சிரா' என்று நாடறிந்த சிறிபால போகம்பறையில் தூக்கிலிடப்பட்டான். பலமுறை சிறையிலிருந்து தப்பிய ஏழைக் கிராமத்தான் அவன். அவன் மீதான கொலைத் தீர்ப்பே, அவன் நீதிமன்றத்தில் இல்லாதபோது வழங்கப்பட்டது. மீண்டும் தப்பிவிடக்கூடாதே என்ற அச்சத்தில் முதல்நாள் அளவுக்கு மீறி மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். நினைவிழந்து கிடந்தவனைத் தூக்குப்படுக்கையில் சுமந்து வந்து பலகையின்மேல் கிடத்திக் கயிறு மாட்டினர். நிற்கும் மனிதனுக்காகப் போட்ட கணக்கு கிடக்கும் மனிதனுக்குப் பொருந்தவில்லை. அவன் உயிர் போக நெடுநேரமாயிற்று.

அப்போது, அதே சிறையிலிருந்து தப்பி வந்த இருவர் நாட்டின் அமைச்சரவையில் இருந்தனர். ஆணையில் கையொப்பமிட்டவர்கள் அவர்கள் அல்லர். அடுத்த மாதமே அவர்கள் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆனால் காரணம் தூக்குமேடையன்று, தேசியமயத்தைப் பற்றிய பிணக்கு. நால்வரில் பிலிப் அதற்குள் காலமாகிவிட்டார். எட்மண்ட் சமரக்கொடி 1964இலேயே கூட்டரசாங்கத்தை எதிர்த்துப் பிரிந்துவிட்டார். தனி மனிதர்களைக் குற்றஞ்சாட்டி மகிழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கோவிந்தனின் விதவைக்காக வாதாடியவர் கொல்வின். அந்தக் கடன் நமக்குண்டு. எனினும் அதிகாரம் கைக்கு வந்ததும் நம் பக்கத்தவர் கயிற்றை அறுக்கவில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடக்க விட்டார்கள்.

மரண தண்டனை எதிர்ப்பு வெறும் நடுத்தர வர்க்க மனிதாபிமானம், புரட்சிக்கு அது உதவாது என்று நம்மிடையே ஓர் அபிப்பிராயம் நெடுநாளாக உண்டு. மாணவர் கூட்டங்களில் இதைச் சூடாகச் சொல்லுவோர் உண்டு. வர்க்க எதிரியை மன்னிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில், 1791இல், மரண தண்டனையை ஒழிக்க வேண்டுமென்று சபையில் முழங்கியவர் ரோபெஸ்பியர். மூன்றாண்டுக்குள் அவர் எத்தனை பேரை வெட்டுக்கத்திக்கு அனுப்பினார், அவரே எப்படி முடிந்தார் என்பது தெரிந்த கதை. ருஷ்யாவிலும் சோவியத்துகளின் இரண்டாவது காங்கிரஸ் 1917இல் மரண தண்டனையை நீக்கியது. மறு ஆண்டே அது திரும்பி வந்தது. திரும்பி வந்தபின் அது எதிரிகளோடு நின்றதா? புரட்சியை நடத்தியவர்களில் எத்தனை பேரை அது விழுங்கிற்று? சேலம் மத்திய சிறையில் 1950 பெப்ரவரி 11ஆம் திகதி 22 கம்யூனிஸ்டுத் தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாம் என்ன சொன்னோம்? சிறைக்குள் அகப்பட்டு, கை ஓங்க முடியாத நிலையில் இருப்பவனைக் கொல்வது கோழைத்தனம் என்றோம். தூக்கிலிடப்படும் எவனும் அப்படிப்பட்டவனே. அவன் கொலை செய்தவனா, கொள்கைக்காரனா என்பதால் அவனுடைய கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்ற உண்மை மாறுவதில்லை.

ஆகவே வீராசாமியையும் வேலாயுதத்தையும் தியாகிகள் என்று சொல்லித்தான் அவர்களுக்கு நீதி கேட்க வேண்டுமென்பதில்லை. அப்படிச் சொல்லிப் பழகினால், தியாகியல்லாத சிறிபாலவைக் கொல்லலாம் என்று ஆகிவிடும். அவர்கள் குற்றம் செய்திருந்தாலும் அவர்களைக் கொல்லும் தகுதி அந்த அரசுக்கு இல்லை. கோவிந்தனின் உயிரைக் குறைத்து நிறுத்த எந்த அரசுக்கும் இல்லை.

1976 யூனுக்குப் பிறகு இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனாலும் சட்டம் அழிக்கப்படவில்லை. 2019இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணையில் கையொப்பமிட்டதாக அறிவித்தார். தூக்கிலிடுவோர் பதவிக்கு விளம்பரம் செய்து ஆட்களையும் தேர்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் அது நின்றது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில், மூடப்பட்ட போகம்பறையும் தனிமைப்படுத்தும் நிலையமாக மீண்டும் திறக்கப்பட்டுக் கைதிகள் அங்கே அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் மதிலேறித் தப்ப முயன்ற கைதிகளில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். மூடிய பின்னும் அச்சிறை உயிர் வாங்கிற்று.

அந்தக் கட்டடம் என்றேனும் காட்சிச்சாலையானால், வாயிலில் ஒரு பலகை தொங்கும். எஹெலபொல குடும்பத்தின் கதை அதில் இருக்கும். கெப்பெட்டிபொலவின் பெயர் இருக்கும். நால்வர் தப்பியதும் இருக்கக்கூடும். இவையெல்லாம் இருக்க வேண்டியவையே. அங்கே இரு தோட்டத் தொழிலாளரின் பெயர் தமிழிலும் எழுதப்பட வேண்டும், அவர்களோடு மூலோயாக் கோவிந்தனின் பெயரும் எழுதப்பட வேண்டும் என்று கேட்பது மலையகத்தின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரிய வேலை. கேட்கும்போது போப்பின் பெயரையும் மறைக்கச் சொல்ல வேண்டாம். நான்கு சாவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக, திகதிகளோடு இருக்கட்டும்.

நம் நாட்டு நீதிமன்றங்களில் இன்றும் மரண தண்டனை விதிக்கப்படுகிறது. தீர்ப்பு வாசிக்கப்படும்போது மண்டபத்தின் மின்விளக்குகளையும் விசிறிகளையும் நிறுத்திவிடுவது வழக்கம். அனைவரும் எழுந்து நிற்கிறார்கள். வாசித்து முடிந்ததும் விளக்குகளைப் போடுகிறார்கள்.